காட்டோரத்தில் ஒரு கலப்புப் பண்ணை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டில் ஒரு பக்கம் ஆலைகள், மறுபக்கம் வாளையார் காடு, நடுவே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. இங்கே இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் நெல், தென்னை, மாடு, ஆடு எல்லாம் சேர்த்துச் செய்தால்தான் கட்டுப்படியாகும். அதை வரிசையாகச் செய்ய வேண்டும்.

1. முதலில் தண்ணீர். சித்தூர்ப் பக்கம் பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய கொக்கோ கோலா ஆலை, நிலத்தடி நீர்ப் போராட்டத்தால் 2004-இல் மூடப்பட்டது. கிணறு வற்றினால் என்ன ஆகும் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. போர்க்கிணறு போடும் முன், நிலத்தின் தாழ்ந்த மூலையில் குட்டை வெட்டுங்கள். வெட்டிய மண்ணில் வரப்பை உயர்த்துங்கள்.

2. வேலி. கிளுவையும் சீமை அகத்தியும் நட்டால் ஆடிக் காற்று தணியும், வயலுக்குக் குழையும் கிடைக்கும். வரப்புப் பனையை வெட்டாதீர்கள். அதன் வேர் மண்ணைப் பிடிக்கும், மட்டையில் தூக்கணாங்குருவி கூடு கட்டும்.

3. வயல். கோடைமழையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் மடக்கி உழுங்கள். நாற்று நட்ட பிறகு ஏக்கருக்கு 20 குச்சிகளைப் பறவை உட்காரும் கோலாக நட்டால் கரிச்சான் வந்து உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும்போது குச்சிகளைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிக்கு அதுவே இருக்கை. கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி வயலை மண்ணிட்டு நிரப்பக் கூடாது. நெல்வயலைக் காப்பவருக்கு உண்டான ஊக்கத்தொகையைக் கிருஷிபவனில் (அரசு வேளாண் அலுவலகம்) கேளுங்கள்.

4. தென்னை. 25 அடி இடைவெளி, ஏக்கருக்கு 70 மரம். இடையில் மஞ்சள், இஞ்சி, தீவனப்புல்.

5. மாடு. கறவை மாடு ஒன்றுக்கு நாளுக்கு 25 கிலோ பசும்புல் வேண்டும். இரண்டு மாட்டுச் சாணி ஒரு கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்குப் போதும். கலனிலிருந்து வரும் கரைசல் தென்னைக்கும் புல்லுக்கும்.

6. யானை. பலாவைப் பழுக்க விடாமல் காயிலேயே இறக்குங்கள். பழ வாசம்தான் யானையைத் தோட்டத்துக்குக் கூட்டிவரும். காட்டை ஒட்டி வாழை வேண்டாம். சூரியசக்தி வேலி விட்டுவிட்டு அதிர்வு தரும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுவது குற்றம். யானைக்கும் ஆளுக்கும் அது எமன். கஞ்சிக்கோடு–வாளையார் தண்டவாளத்தில் ரயில் மோதி ஏற்கெனவே பல யானைகள் செத்திருக்கின்றன; வேலியாலும் சாக வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொடங்க வேண்டாம். இந்தக் கோடையில் குட்டை, மழை விழுந்ததும் புல், அதன்பிறகே மாடு. புல் இல்லாமல் மாடு வாங்கினால் பால் பணம் முழுக்கத் தீவனக் கடைக்கே போய்விடும்.