பனிக்காலத்தில் துவிச்சக்கர வண்டி ஊர்தல்

“பனிக்காலத்தில் இன்பங் கருதித் துவிச்சக்கர வண்டி ஊர்வது அறிவுடையார் செயலாகுமோ?” என்று எம் விடுதி நண்பர் ஒருவர் எம்மை வினவினார். பாலும் செய்தித்தாளும் கொண்டு வருவோர் குளிரென்றும் மழையென்றும் பாராது சென்றே தீரவேண்டும். அவர்க்கு மார்கழி வைகறையும் சித்திரை வைகறையும் ஒன்றே. போர்வைக்குள் இனிது துயிலக்கூடிய ஒருவர், எவரும் ஏவாதிருக்க, எழுந்து வண்டியேறிப் பனியிற் புகுவது எற்றுக்கு என்பதே அவர் வினா. அதற்கு விடை கூற முயல்வதே இக்கட்டுரை. விடையைச் சுருங்கக் கூறின், அஃது இன்பமே. ஆயின் குளிரின் இயல்பையும் தம் மேனியின் இயல்பையும் அறிந்தார்க்கே அஃது இன்பம். அறியாது துணிந்தார்க்குத் துன்பம். இவ்வுண்மையை யாம் நூலிற் கற்குமுன் மேனியிற் கற்றோம்.

தமிழ் மக்கள் ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. தொல்காப்பியர் கூதிரையும் முன்பனியையும் மலைநிலமாகிய குறிஞ்சிக்கு உரியனவாக வகுத்தார். இவ்வகுப்பின் பொருத்தத்தைச் சமவெளியில் வாழும் நாம் எளிதில் உணரோம். சென்னையில் மார்கழி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை அடுத்தே நிற்கும். ஆனால் நிலமட்டம் ஒரு கிலோமீட்டர் உயருந்தோறும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 6½ டிகிரி குறைகின்றது. கடல்மட்டத்திற்கு 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் மார்கழி, தைத் திங்களின் முகிலற்ற இரவுகளிலே வெப்பநிலை உறைநிலையை நெருங்கும். விடியலிற் புல்வெளிகள் உப்புத் தூவியதுபோல் வெண்ணிறமாய்க் கிடக்கும். அதனை அங்குள்ளார் உறைபனி என்பர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், குளிருக்கு ஆற்றாத கோவலர் கூடி நின்று நெருப்பிற் கைகாய்ச்சும் காட்சியை வகுப்பறையிற் கற்றபோது, அது புலவர் மிகைப்படக் கூறியதென்றே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தொட்டபெட்டாச் சாலையில் மாறிற்று.

2024ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில், உதகையிலுள்ள எம் தாய்மாமன் இல்லத்திற்கு யாமும் எம் தோழர் ஒருவரும் சென்றிருந்தோம். அவ்வில்லத்தில் பழைய வண்டிகள் இரண்டு இருந்தன. நீலகிரியின் மிக உயர்ந்த முடியாகிய தொட்டபெட்டா உதகையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர்; அதன் உயரம் 2,637 மீட்டர். ஆகவே ஏறவேண்டிய ஏற்றம் 400 மீட்டர் அளவே. “நாளைக் காலையில் உச்சியிற் சென்று வருவோம்” என்று இரவே முடிவு செய்தோம். “காலையிற் குளிரும், மாப்பிள்ளைகளே, நன்றாக உடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் மாமன். அவர் சொற்படியே பருத்தி உள்ளாடையும் சட்டையும் அவற்றின்மேல் தடித்த கம்பளிச் சட்டையும் அணிந்து, கைகளை மட்டும் உறையின்றி விட்டு, ஏழு மணிக்குப் புறப்பட்டோம்.

முதற் கால்மணி நேரம் பல் கிட்டியது. பின்னர் ஏற்றம் தொடங்கியது, குளிர் நீங்கியது, வியர்வை பெருகியது. மிதிக்க இயலாத இடங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். குளிரை வென்றுவிட்டோம் என்ற செருக்கில், நனைந்த உடையைப் பொருட்படுத்தாது உச்சியை அடைந்து, அங்கே வீசிய காற்றில் அரைமணி நேரம் அமர்ந்து மலைகளை நோக்கி மகிழ்ந்தோம். இறங்கத் தொடங்கிய பின்னரே எம் பிழை எமக்குப் புலனாயிற்று. மிதிக்க வேண்டாத இறக்கத்தில் வண்டி தானே விரைந்தது. ஈர ஆடையினூடே காற்று ஊசியெனப் பாய்ந்தது. இரண்டு கிலோமீட்டர் செல்லுமுன் விரல்கள் மரத்தன. பிரேக்கைப் பற்றியிருக்கின்றோமா இல்லையா என்பதைக் கண்ணாற் பார்த்தே அறியவேண்டியிருந்தது. மரநிழல் கவிந்த ஒரு வளைவில் உறைபனி உருகிச் சாலை ஈரமாய்க் கிடந்தது. முன்சென்ற தோழர் பிரேக்கை அழுத்த முயன்றார்; விரல்கள் ஏவலுக்கு இணங்கவில்லை. வண்டி வழுக்கிச் சாலையோரத்து வாய்க்காலில் வீழ்ந்தது. முழங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்ததோடு அவர் தப்பினார். எதிரே ஒரு பேருந்து வந்திருப்பின் இக்கட்டுரை எழுதப்பட்டிராது.

அருகிலிருந்த காய்கறித் தோட்டத்தில் சருகு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் ஓடிவந்து எம்மைத் தீயருகே அமர்த்தினார். அத் தீயின்முன் கைகளை நீட்டியபோது, நெடுநல்வாடைக் கோவலர் எமக்கு உறவினராயினர். முதியவர் எம் ஈரச் சட்டையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். “ஏறும்போது கம்பளியைக் கழற்றிக் கட்டி வையுங்கள், தம்பிகளா, இறங்கும்போது எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள்” என்றார். பனிக்காலத்து ஊர்தலைப்பற்றி யாம் பின்னர்ப் படித்தறிந்த யாவும் அம் முதியவர் சொற்களுக்கு உரையாகவே அமைந்தன. அவ்வுரையை ஈண்டுத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, உடம்பு வெப்பத்தை ஆக்கும் வகையை அறிதல் வேண்டும். வண்டியை மிதிப்போர் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வண்டியைச் செலுத்துகின்றது. எஞ்சிய முப்பங்கும் உடம்பில் வெப்பமாகின்றது. ஆகவே ஏற்றத்தில் மிதிப்பவர் தம்முள்ளே ஓர் அடுப்பினைச் சுமந்து செல்பவராவர். அவருக்கு மிகுதியான உடை வேண்டுவதில்லை. இறக்கத்தில் கால்கள் ஓய்கின்றன, அடுப்பு அவிகின்றது. உடை வேண்டப்படுவது அப்பொழுதே.

இரண்டாவது, காற்றின் இயல்பு. நம் தோலை அடுத்துள்ள காற்று நம் வெப்பத்தால் வெம்மையுற்று, மெல்லிய போர்வைபோல் நம்மைச் சூழ்ந்து நிற்கின்றது. விரைவு மிகுந்தால் அப்போர்வை கிழிகின்றது. பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்னும் அமெரிக்கர் இருவர் தென்துருவக் கண்டத்தில் நீர் நிறைந்த சிறு கலத்தைத் திறந்த வெளியிலே தொங்கவிட்டு, காற்று மிக மிக அந்நீர் எத்துணை விரைவாய் உறைகின்றதென அளந்து, தம் முடிபுகளை 1945இல் வெளியிட்டனர். அக் கணக்கு 2001இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் திருத்தியமைக்கப்பட்டது. அதன்படி, 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று முகத்தில் வீசினால், அஃது உறைநிலைக் குளிரை ஒத்துத் தோன்றும். அசையாத காற்றினூடே ஒருவர் அவ்வேகத்தில் ஊர்ந்தாலும் பயன் அதுவே. வண்டியூர்பவர் தமக்குரிய வாடையைத் தாமே படைத்துக்கொள்கின்றார்.

மூன்றாவது, வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். கோடையில் இது நமக்கு நன்மை. பனிக்காலத்திலோ, ஏற்றத்திற் சுரந்த வியர்வை ஆடையில் தங்கி, வெப்பம் வேண்டிய இறக்கத்திலும் அதனைக் கவர்ந்துகொண்டே இருக்கின்றது. மேலும், அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்கிற்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு எளிதில் உலராது. கம்பளி ஈரமுற்ற பின்னும் ஓரளவு வெம்மை காக்கும். யாம் பருத்தியை உள்ளும் கம்பளியைப் புறத்தும் அணிந்தோம். ஏற்றத்தில் இரண்டையும் நனைத்தோம். அம் முதியவர் கூறியது எத்துணை உண்மை!

நான்காவது, கைகளின் காவல். உடம்பு குளிருங்கால் இதயம், மூளை முதலிய உள்ளுறுப்புகளைக் காக்கும்பொருட்டுக் கைகால்களின் தோலிலுள்ள குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. குருதி குறைந்த விரல்கள் உணர்ச்சியும் வலியும் இழக்கின்றன. மலைச்சாலையில் ஊர்பவரின் உயிரோ அவ்விரல்களின் பிடியில் இருக்கின்றது. ஆகவே எதனை மறந்தாலும் கையுறையை மறத்தலாகாது.

இவற்றினின்று பெறப்படும் விதிகள் எளியன. புறப்படும்பொழுது சற்றே குளிர்வதுபோல் இருத்தல் நன்று. அப்பொழுதே இனிதாயிருப்பின், பத்து நிமிடத்தில் வியர்வை பெருகும். ஏற்றத்தில் வியர்வை அரும்புமுன் மேலாடையைக் களைந்து மெல்லச் செல்க. உச்சியை அடைந்தவுடன், அமருமுன், நனைந்த உள்ளாடையை மாற்றுக. இறங்குமுன் கம்பளியையும், காற்றுப் புகாத மேற்சட்டையையும், கையுறையையும் அணிக. காற்றுப் புகாத சட்டை இல்லையேல் செய்தித்தாள் ஒன்று போதும். 1903இல் தொடங்கிய பிரான்சு நாட்டுப் பெரும் பந்தயத்தில், மலையுச்சியை அடைந்த வீரர் செய்தித்தாளை மார்புச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்குவது நெடுநாளைய வழக்கம். ஈரமான சக்கர விளிம்பிற் பிரேக்கு உடனே பற்றாது. ஆதலின் வளைவிற்கு வெகு தொலைவிலேயே வேகத்தைக் குறைத்துவிடுக. வளைவினுள்ளே முன்சக்கரப் பிரேக்கை இறுக்குதல் வீழ்ச்சிக்கு வழி. வெயில் பட்ட சாலையை நம்பி, நிழல் பட்ட சாலையில் விரையற்க.

எம் நாட்டுப் பனி இத்துணைப் பாடம் கற்பிக்குமாயின், பனிக்கட்டி மூடிய நாட்டினர் என் செய்வர் என்று கேட்கலாம். பின்லாந்து நாட்டின் வடபாலுள்ள ஊலு நகரம் ஏறத்தாழ 65ஆம் அட்சரேகையை அடுத்துள்ளது. சனவரித் திங்களில் அங்குச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு ஏறத்தாழ 10 டிகிரி கீழே இருக்கும். எனினும் அந்நகரத்துச் சிறுவர் பலர் அக்குளிரிலும் வண்டியேறியே பள்ளி செல்கின்றனர். குளிர்காலத்து வண்டியூர்தலை ஆராயும் பன்னாட்டு மாநாடு முதன்முதலாக 2013இல் அந்நகரிலேயே கூடியது. அவர்கள் நம்மினும் வலிய மேனியர் என்பது இதற்குக் காரணமாகாது. அவர்தம் நகராட்சி வண்டிப் பாதைகளை விடியலிலேயே செப்பஞ் செய்கின்றது; மக்களும் எஃகு முனைகள் பதித்த டயர்களைப் பூட்டிக்கொள்கின்றனர். கடுங்குளிரில் இறுகிய பனியைவிட, உருகுந் தறுவாயிலுள்ள பனிக்கட்டியே மிகுதியும் வழுக்கும் என்பதையும், அதன்மேல் திடுமெனத் திரும்புதலும் பிரேக்கிடுதலும் ஆகா என்பதையும் அவர்கள் இளமையிலேயே கற்கின்றனர். எம் தோழர் வீழ்ந்த வளைவிலும் உருகும் பனியே கிடந்தது. ஊலுச் சிறுவன் ஒருவன் அவ்விடத்தில் எம்மினும் மெல்லச் சென்றிருப்பான்.

இனி, நண்பர் வினவிய இன்பத்தைக் கூறுவோம். தோழரின் காயம் ஆறிய நான்காம் நாள், அதே சாலையில் மீண்டும் ஏறினோம். இம்முறை கம்பளிகள் வண்டியின் பின்னே கட்டப்பட்டிருந்தன; மாமனின் தோட்டக் கையுறைகள் சட்டைப் பையில் இருந்தன. விரைதல் இல்லாமையால் கண்களுக்கு ஓய்வு கிடைத்தது. முகிலற்ற இரவில் குளிர்ந்த காற்று கனமுற்று நீர்போற் பள்ளத்தை நோக்கி வழிகின்றது. ஆதலின் விடியலில் மேட்டைவிடப் பள்ளமே மிகக் குளிர்கின்றது. நூலில் ஒரு வரியாய்க் கிடந்த இச்செய்தியை அன்று யாம் முகத்தால் அறிந்தோம். பள்ளத்திற் புகுந்தபோது கன்னம் சில்லென்றது. மேட்டில் ஏறியபோது இளவெயிலோடு வெதுவெதுப்பு வந்தது. பேருந்தின் கண்ணாடிக்குள் இருப்பார்க்கு இவ்வறிவு வாயாது. உச்சியில் நின்றபோது பள்ளத்தாக்குகள் யாவும் வெண்பஞ்சு நிறைந்தனபோல் மூடுபனியால் நிரம்பிக் கிடந்தன. கதிரவன் ஏற ஏற, முதலில் ஓர் ஊரின் கூரைகளும், பின்னர் மற்றோர் ஊரின் கூரைகளும் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன.

உலர்ந்த ஆடை மாற்றி, கம்பளியும் கையுறையும் அணிந்து, மெல்ல இறங்கினோம். வளைவருகே வண்டியை நிறுத்தி முதியவரைத் தேடினோம். அவர் எம் உடையை ஏற இறங்க நோக்கி, ஒன்றும் கூறாது தலையசைத்தார். தேர்வு மேற்பார்வையாளரிடம் விடைத்தாள் கொடுத்து வெளிவந்தாற்போல் இருந்தது எமக்கு.

ஆகவே நண்பர்க்கு எம் விடை இதுவே: வருகின்ற மார்கழியில் எம்மோடு வருக. உள்ளாடை ஒன்று மிகையாக எடுத்துக்கொள்க. கையுறையை மறவற்க.