சிட்டையைப் படிக்கக் கணனிக்குக் கற்றுக்கொடுப்போம்

சிலாவத்துறையில் கடை நடத்தும் ஒருவருக்கு மன்னாரிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் கொழும்பு புறக்கோட்டையிலிருந்தும் சரக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மொத்த வியாபாரியின் சிட்டையும் ஒவ்வொரு விதம். ஒன்றில் திகதி மேலே, மற்றொன்றில் கீழே. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று சிங்களம், இன்னொன்று தமிழ்க் கையெழுத்து. கொப்பியில் ஏற்றாமல் விட்ட ஒரு சிட்டையால் ஒரே சரக்குக்கு இரு தடவை காசு கொடுக்க நேரலாம். தவணை தவறினால் அடுத்த முறை கடனுக்குச் சரக்கு கிடைக்காமலும் போகலாம். படம் பிடித்துக் கொடுத்தால் கணனியே கணக்கை எடுத்துத் தராதா? தரும். அதற்கு நாம் சிறிது கற்றுக்கொடுக்க வேண்டும்.

இதில் இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, எழுத்தை வாசிப்பது. 1985இல் எச்.பி. நிறுவனத்தில் தொடங்கி 2005இல் எல்லோருக்கும் இலவசமாக்கப்பட்ட டெசரக்ட் என்ற மென்பொருள் அச்சிட்ட தமிழையும் சிங்களத்தையும் வாசிக்கும். ஆனால், வாசித்த இலக்கம் மொத்தத் தொகையா, தொலைபேசி எண்ணா என்பது அதற்குத் தெரியாது. அதைப் பிரித்தறிவதே இரண்டாவது வேலை.

மைக்ரோசொப்ட் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட லேஅவுட்எல்எம் இங்கே வழி காட்டியது. சொல்லை மட்டுமன்றி, அது தாளில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அது கவனிக்கும். முன்கூட்டியே ஏறக்குறைய 1 கோடி 10 இலட்சம் பக்கங்களில் பயிற்சி பெற்றதால், புதிய படிவ வகையொன்றைக் கற்க அதற்கு 149 மாதிரிகளே கொடுக்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரிந்த பையனுக்குக் கடை வேலை பழக்குவது இலகு அல்லவா? அதே போலத்தான். 2023க்குப் பின் பரவலான, படம் பார்க்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கு இரண்டு மூன்று மாதிரிகளே பல வேளைகளில் போதும்.

செய்ய வேண்டியவை:

1. எவை தேவை என்று முடிவு செய்யுங்கள். 2019இல் பற்றுச்சீட்டுகளை வைத்து நடந்த சர்வதேசப் போட்டியொன்றில் கேட்கப்பட்டவை நான்கே: கடைப் பெயர், முகவரி, திகதி, மொத்தம்.

2. ஒவ்வொரு வியாபாரியின் சிட்டையிலும் இரண்டு மூன்றை எடுத்து, சரியான விடையை எழுதிக் கொடுங்கள். மங்கியதும் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். மூன்று மாதிரியில் ஒன்று பிழையென்றால் பாடத்தில் மூன்றில் ஒரு பங்கு பிழை.

3. திகதியில் கவனம். 03/04 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? 25/04 போன்ற மாதிரியைக் கொடுத்தால் குழப்பம் வராது.

4. காட்டாத பத்துச் சிட்டைகளைத் தனியே வைத்துப் பரீட்சித்துப் பாருங்கள்.

5. தெளிவில்லாத இடத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஊகித்து நிரப்பிவிடும்.

6. பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். 12 கிலோ கருவாடு, கிலோ 850 ரூபா என்றால் 10,200. கூலி 600 சேர்த்து 10,800. கணனி 850ஐ 350 என வாசித்திருந்தால் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று: இணையத்தில் இயங்கும் செயலிக்குப் படம் அனுப்பினால் அது வெளியார் கணனிக்குப் போகிறது. வாடிக்கையாளரின் அடையாள அட்டை, கடன் விபரம் உள்ள தாள்களை அனுப்ப வேண்டாம். தனிப்பட்ட தரவுகளுக்கென 2022இன் 9ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் உண்டு.

மூலச் சிட்டையைக் கோவையில் பத்திரப்படுத்துங்கள். நாளை பிணக்கு வந்தால் ஆதாரம் அதுதான். கணனி எடுத்துத் தந்த குறிப்பு அல்ல.