குந்தி எழும் பயிற்சியும் முழங்காலும்

கங்காதர நெல்லூர் வட்டாரத்து நிலக்கடலைக் கொல்லைகளில் களை பறிப்போர் நெடுநேரம் முழுதும் குந்தியே வேலை செய்வர். ஆயினும் அவர்தம் மக்கள் பள்ளியில் எடைப் பயிற்சி தொடங்கினால், “முழுதும் குந்தாதே, முழங்கால் கெட்டுவிடும்” என்று தடுப்பாரே மிகுதி. இவ்வச்சம் எங்கிருந்து வந்தது?

1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கார்ல் கிளைன் என்பவர், ஆழக் குந்துதல் முழங்கால் மூட்டைப் பிணிக்கும் நார்களைத் தளர்த்துமென எழுதினார். பின்னர் நடந்த அளவீடுகள் இதனை உறுதி செய்யவில்லை. 2014, 2018-ஆம் ஆண்டுகளில் காமன்வெல்த் போட்டிகளில் பளு தூக்குதலில் தங்கப் பதக்கம் பெற்ற சதீஷ் சிவலிங்கம் அருகிலுள்ள வேலூரைச் சேர்ந்தவர். அவ்விளையாட்டில் பளுவின் கீழ் ஆழக் குந்தி அதை ஏற்று எழுவது அடிப்படைப் பாடமாகும்.

முழங்கால் கால்விரல்களைத் தாண்டலாகாது என்பது மற்றொரு விதி. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற 7 ஆடவரின் முழங்கால்கள் முன்செல்லாதவாறு பலகை வைத்துத் தடுத்தனர். முழங்காலில் திருப்புத்திறன் சுமார் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. இடுப்பிலோ 28-லிருந்து 303 ஆக உயர்ந்தது! சுமை நீங்கவில்லை, இடம் பெயர்ந்தது. உடல் கவிழாதிருக்க, உடலும் பளுவும் சேர்ந்த ஈர்ப்பு மையம் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே நிற்கவேண்டும். முழங்காலைத் தடுத்தால் இடுப்பு பின்சென்று முதுகு முன்சாயும். தொடை நீண்டவர் இயல்பாகவே அதிகம் சாய்வர். அதனைப் பிழையெனக் கருதலாகாது. பளுவை மார்பின் மேல், தோள்களின் முன்புறம் தாங்கினால் முதுகு நிமிர்ந்து முழங்கால் முன்செல்லும். தோள்பட்டை எலும்புகளின்மேல் தாழ்த்தித் தாங்கினால் இடுப்பின் வேலை மிகும்.

கற்பிக்கும்போது முதலில் பளுவே வேண்டா. பாதங்களைத் தோளகலத்தில் வைத்து, விரல்களைச் சற்று வெளிப்புறம் திருப்பி, நாற்காலியில் அமர்வதுபோல் இறங்கச் செய்க. முழங்கால்கள் விரல்கள் நோக்கும் திசையிலேயே செல்லவேண்டும்; உட்புறம் மடங்கலாகாது. குதிகால் எழும்பும் இடம், அல்லது கீழ்முதுகு வளையும் இடம், எது முன்னர் வருகிறதோ அதற்குச் சற்று மேலேதான் அம்மாணவனின் ஆழம். கணுக்கால் இறுகியவர்க்குக் குதிகாலின் கீழ் மெல்லிய பலகை வைக்கலாம். பளு தூக்குவோரின் காலணியும் இதற்காகவே குதிகால் உயர்ந்திருக்கும். ஐந்து கிலோ மணல் பையை மார்போடு அணைத்துப் பழகிய பின்னரே கம்பியைக் கொடுக்கவேண்டும். தாங்குசட்டமோ, இருபுறமும் துணைநிற்போரோ இன்றிக் கம்பியைத் தோளில் ஏற்றுதல் கூடாது.

பயில்வான்கள் பஸ்கி எனப் போற்றும் இதே அசைவைத்தான் நாம் தோப்புக்கரணம் என்று தண்டனையாக்கியிருக்கிறோம்! முழங்காலுக்கு அஞ்சும் உபாத்தியாயர் சிலர் நூறு தோப்புக்கரணத்திற்கு அஞ்சுவதில்லை. பழக்கமில்லாத உடலில் இத்தகைய மிகைப்பயிற்சி தசை இழைகளைச் சிதைத்து, அவற்றின் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்திற்குத் தீங்கு விளைக்கக்கூடும். அடுத்த ஓரிரு நாட்களில் தொடை கடுமையாக வீங்கி வலித்தாலோ, சிறுநீர் தேநீர் நிறமாக இறங்கினாலோ, மாணவனை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.