குருத்தெலும்புப் புரதம் அளக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

முப்பத்தோரு வருடம் எலைசா பிளேட்டோடு உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவள் எழுதுகிறேன். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் பெரும்பாலும் ஒரே புரதம்தான்: காம்ப். முழுப்பெயர் கார்ட்டிலேஜ் ஒலிகோமெரிக் மேட்ரிக்ஸ் புரோட்டீன். மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம் பற்றி ஆராய இந்த வருடமும் புதுப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறீர்கள், கிட்டும் வந்து இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். எதை எவ்வளவு ஊற்றுவது, எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாள் தொடங்குவதற்கு முன்னால் நடப்பதைத்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன். நான் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் நடந்தன.

1. எதை அளக்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1992ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் டிக் ஹெய்னெகோர்டு குழுவினர் இந்தப் புரதத்தைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்து விவரித்தார்கள். நாம் பயன்படுத்தும் எலைசா முறைக்கும் அந்த நாட்டோடு உறவு உண்டு. 1971ல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் அதை வெளியிட்டார்கள். அதே காலத்தில் நெதர்லாந்திலும் ஒரு குழு தனியாக அதே முறைக்கு வந்து சேர்ந்திருந்தது.

காம்ப் பார்ப்பதற்குப் பூங்கொத்து மாதிரி. ஒரே மாதிரியான ஐந்து இழைகள் அடியில் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். தமிழில் 'காம்பு' என்று சொன்னாலும் பொருத்தமாகவே இருக்கிறது. ஒவ்வொரு காம்பின் நுனியும் கொலாஜன் இழையைப் பிடித்துக்கொள்ளும். நடுப்பகுதியில் கால்சியம் நிறைய ஒட்டியிருக்கும். குருத்தெலும்பு தேயும்போதும் புதுப்பிக்கப்படும்போதும் இந்தப் புரதம் முழுதாகவோ துண்டாகவோ மூட்டு நீருக்குள் விழுந்து, அங்கிருந்து இரத்தத்துக்கு வருகிறது. முதலில் இது குருத்தெலும்பில் மட்டும் இருப்பதாக நினைத்தார்கள். பிறகு தசைநாணில், தசைநார்களில், மூட்டு உறையில் எல்லாம் கண்டார்கள். ஆகையால் சீரத்தில் நீங்கள் பார்க்கும் எண் ஒருவருடைய வலது முட்டியின் எண் அல்ல. அவருடைய எல்லா மூட்டுகளும் தசைநாண்களும் சேர்ந்து அனுப்பிய கணக்கு அது.

2. இரத்தம் எப்போது எடுத்தார்கள், அதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதி வையுங்கள். இந்த ஒன்றுக்காகவே இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொண்டாலும் சரிதான்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு முறை மூட்டுத் தேய்மான நோயாளிகளையும் அதே வயதுள்ள ஆரோக்கியமான ஆட்களையும் ஒப்பிட்டோம். நோயாளிகள் காலையிலேயே வந்து டோக்கன் வாங்கி, பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அதன்பின் இரத்தம் கொடுத்தவர்கள். ஒப்பீட்டுக்கு வந்தவர்கள் ஊழியர்கள். வார்டு வார்டாக நடந்து வேலை பார்த்துவிட்டு, படியேறி நேரே எங்களிடம் வந்து கையை நீட்டியவர்கள். பிளேட் போட்டால் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே வித்தியாசமே தெரியவில்லை. மூன்று மாதம் கிட்டில் குற்றம் தேடினோம். வேறு லாட் வாங்கினோம், பைப்பெட்டைச் சரிபார்க்க அனுப்பினோம்.

பிறகுதான் 2005ல் வந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. ஆரோக்கியமான ஆட்களை அரை மணி நேரம் நடக்கவிட்டு, முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார்கள். நடந்து முடித்த கையோடு சீரம் காம்ப் கிட்டத்தட்டப் பத்து சதவீதம் ஏறியிருந்தது. அரை மணி ஓய்வில் பழைய நிலைக்கு இறங்கியது. ஐந்தரை மணி நேரம் கழித்து மறுபடி சற்று ஏறியது. மாரத்தான் ஓடியவர்களிடம் இந்த ஏற்றம் இன்னும் அதிகம். இரவில் படுத்திருக்கும்போது அளவு குறைந்து, விடியற்காலை நான்கு ஐந்து மணிவாக்கில் ஆகக் கீழே போகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊழியர்களை அரை மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்து மறுபடி எடுத்தோம். பலருடைய அளவு இறங்கியிருந்தது. ஒரு ஊசி போதுமாக இருந்தவர்களுக்கு இரண்டாவது ஊசி போட்டது எங்கள் கவனக்குறைவினால். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

எனவே எல்லோருக்கும் ஒரே மணி, எல்லோருக்கும் அரை மணி உட்கார்ந்த ஓய்வு. எப்போது எழுந்தார், எவ்வளவு நடந்தார், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாரா, நேற்று வயல்வேலைக்குப் போனாரா என்று கேளுங்கள். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுமே இந்த எண்ணை நகர்த்தும்.

3. எந்த ட்யூபில் எடுப்பது என்பதைத் தாளில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், மாற்றாதீர்கள். ஈடிடிஏ கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கால்சியம் போனால் காம்ப்பின் உருவமே மாறும். உருவம் மாறினால் சில ஆன்டிபாடிகளுக்கு அது அடையாளம் தெரியாது. பாதிப்பேருக்குச் சீரம், மீதிப்பேருக்கு ஈடிடிஏ பிளாஸ்மா என்று கையில் கிடைத்ததை எடுத்தால் அந்த ஆய்வைப் பிறகு எதுவும் காப்பாற்றாது. சீரம் பிரிந்தவுடன் சின்னச் சின்னக் குப்பிகளில் (வயல்) பங்கிட்டு மைனஸ் 80ல் வையுங்கள். ஒரு வயலை ஒரு முறைக்கு மேல் உருக்காதீர்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி தானாகப் பனி உருக்கிக்கொள்ளும் ஃப்ரீசரில் சாம்பிள் வைக்கவே கூடாது. அது நீங்கள் அறியாமல் தினமும் சூடேறி இறங்கும்.

4. விலையைப் பார்ப்பதற்கு முன் ஆன்டிபாடியைப் பாருங்கள். கீழே ஒரு ஆன்டிபாடி, நடுவில் காம்ப், மேலே இன்னொரு ஆன்டிபாடி என்று கட்டுவதைத்தான் சாண்ட்விச் என்கிறோம். காம்ப்புக்கு ஐந்து இழை இருப்பதால் ஒரே மோனோகுளோனல் ஆன்டிபாடியைக் கீழும் மேலும் வைத்தே கட்டிவிடலாம். ஆனால் அப்படிக் கட்டிய கிட், உடைந்து தனியாகப் போன ஒற்றைத் துண்டை எண்ணாது. வேறு வேறு இடங்களைப் பிடிக்கும் இரண்டு ஆன்டிபாடி வைத்த கிட், அந்த இரண்டு இடமும் சேர்ந்திருக்கும் துண்டையும் எண்ணும். நோயுற்ற மூட்டிலிருந்து வருவதில் துண்டுகள் நிறைய. ஆகவே இரண்டு கிட்டும் சரியாக வேலை செய்தாலும் இரண்டு எண் வரும்.

அலகும் அப்படித்தான். ஒரு கம்பெனி லிட்டருக்கு இத்தனை யூனிட் என்று கொடுக்கும், இன்னொன்று மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று கொடுக்கும். ஒன்றை மற்றதாக மாற்ற ஏதாவது சூத்திரம் இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி ஸ்டாண்டர்டு வேறு, ஆன்டிபாடி வேறு, மாற்றாதீர்கள். ஆய்வு முடியும் வரை ஒரே கிட், முடிந்தால் ஒரே லாட். எத்தனை பிளேட் வேண்டும் என்று கணக்கிட்டு மொத்தமாக வாங்குங்கள்.

5. தாளில் 'அறை வெப்பம்' என்று போட்டிருந்தால் அது நம் அறை இல்லை. 18 முதல் 25 டிகிரியை மனதில் வைத்து எழுதியது. சித்திரை மாதம் கரண்ட் போன ஆய்வகத்தில் 34 டிகிரி இருக்கும், நிறம் ஓடிவிடும். சுவரில் தெர்மாமீட்டர் மாட்டி, ஒவ்வொரு பிளேட்டுக்கும் டிகிரியை நோட்டில் எழுதுங்கள். 4 டிகிரியிலிருந்து எடுத்த பிளேட்டையும் திரவங்களையும் அரை மணியாவது வெளியே வைத்த பிறகு தொடங்குங்கள். ஏசி காற்று நேரே படும் மேசை வேண்டாம். ஓரத்துக் குழிகள் ஒரு மாதிரியும் நடுக் குழிகள் வேறு மாதிரியும் வந்தால் முதலில் அந்தக் காற்றைச் சந்தேகப்படுங்கள்.

6. சீரத்தை அப்படியே ஊற்ற முடியாது, நீர்க்க வேண்டும். ஐம்பது மடங்கு என்றால் 10 மைக்ரோலிட்டர் சீரம், 490 மைக்ரோலிட்டர் பஃபர். பத்தோடு ஐந்நூறைச் சேர்ப்பவர்களை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். 2 மைக்ரோலிட்டர் எடுத்து நீர்க்கிற வேலை வேண்டாம். அவ்வளவு சிறிய அளவில் டிப்பின் வெளிப்புறம் ஒட்டியிருப்பதே பிழையாகிவிடும். நூறு மடங்குக்கு மேல் போக வேண்டுமானால் இரண்டு படியாகப் போங்கள். மூட்டு நீரில் காம்ப் சீரத்தைவிடப் பல மடங்கு இருக்கும், எண்ணெய் மாதிரி இழுக்கவும் செய்யும். ஹயலூரோனிடேஸ் போட்டு இளக்கிவிட்டுப் பைப்பெட்டைத் தொடுங்கள்.

7. கழுவுவதில் சோம்பல் வேண்டாம். குழி நிறைய ஊற்றி, முழுக்கக் கொட்டி, டிஷ்யூ பேப்பரில் தட்டுங்கள். வாஷ் பஃபர் பாட்டிலில் உப்புப் படிந்திருந்தால் இளஞ்சூட்டில் கரைத்துவிட்டு அளவெடுங்கள். கேன் தண்ணீர் கூடாது. பஃபரில் அசைடு இருந்தால் ஹெச்ஆர்பி என்சைம் செத்துவிடும், நிறமே வராது.

8. முடக்குவாத நோயாளியின் சீரம் உங்களை ஏமாற்றும், எச்சரிக்கை. அவர்களில் பலருடைய இரத்தத்தில் ருமட்டாய்டு ஃபேக்டர் இருக்கும். அது மற்ற ஆன்டிபாடிகளின் வால்பகுதியைப் பிடிக்கிற ஒரு ஆன்டிபாடி. கிட்டின் கீழ் ஆன்டிபாடியை ஒரு கையாலும் மேல் ஆன்டிபாடியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு, நடுவில் காம்ப் இல்லாமலேயே பாலம் போட்டுவிடும். நிறம் வரும், எண் வரும், நோயாளிக் கூட்டத்தில் காம்ப் அதிகம் என்று நீங்கள் எழுதுவீர்கள். நீங்கள் கண்டுபிடித்ததாக நினைத்ததை நோயே செய்து கொடுத்திருக்கும்.

இதற்காகவே சந்தேகப்படும் சாம்பிளை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு மேலும் நீர்த்து ஓட்டுங்கள். உண்மையான காம்ப் என்றால் மடங்கால் பெருக்கியதும் ஏறக்குறைய ஒரே எண் வரும். பாலம் என்றால் கணக்கு ஒத்துவராது. கிட்டின் நீர்ப்புத் திரவத்தில் இந்தக் குறுக்கீட்டைத் தடுக்கும் சுண்டெலி இம்யூனோகுளோபுலின் சேர்த்திருக்கிறார்களா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் சாம்பிள் கொடுப்பவரிடம் கேளுங்கள். சாம்பிள் குழியில் இருக்கும்போதே பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடினும் சேர்கிற வகைக் கிட்டில் அது அளவைக் குறைத்துக் காட்டும். 2017ல் அமெரிக்க எஃப்டிஏ இதற்காகவே எச்சரிக்கை விட்டது.

9. நோயாளிகள் ஒரு பிளேட்டில், ஆரோக்கியமானவர்கள் இன்னொரு பிளேட்டில் என்று ஒருபோதும் போடாதீர்கள். கலந்து போடுங்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஒரே ஆளின் சீரம் ஒரே பிளேட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். 96 குழியில் ஸ்டாண்டர்டு, கன்ட்ரோல் போக, இரண்டிரண்டாகப் போட்டால் முப்பத்தெட்டு பேருக்கு மேல் இடம் கிடைக்காது. அதற்குத் தகுந்தபடி முந்தின நாளே தாளில் கட்டம் போட்டு யார் எங்கே என்று எழுதிவிடுங்கள். சாம்பிளை ஊற்றிக்கொண்டே இடம் யோசிக்கிறவர் கட்டாயம் ஒரு குழியை விடுவார்.

10. நீலம் வந்ததும் ஆசிட் ஊற்றி மஞ்சளாக்கி, பதினைந்து நிமிடத்துக்குள் 450 நானோமீட்டரில் படியுங்கள். 570ல் படித்ததைக் கழியுங்கள். வளைவு நேர்கோடு இல்லை, நான்கு அளவுருக் கோட்டைப் பொருத்துங்கள். மேல் ஸ்டாண்டர்டைத் தாண்டிய சாம்பிளுக்குக் கோட்டை நீட்டி எண் எழுதுவது பொய் எழுதுவதற்குச் சமம். நீர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

11. ஆய்வு தொடங்கும் முன்னே பத்துப் பன்னிரண்டு பேர் சீரத்தைச் சேர்த்து, நூறு சிறு வயல்களாகப் பங்கிட்டு வையுங்கள். ஒவ்வொரு பிளேட்டிலும் அதில் ஒன்றை ஓட்டுங்கள். கிட்டோடு வரும் கன்ட்ரோல் லாட் மாறும்போது மாறிவிடும். உங்கள் வயல் மாறாது. ஒரு நாள் அது மட்டும் இருபது சதவீதம் விலகி நின்றால் அன்றைய பிளேட்டில் எந்த எண்ணையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், பேராசிரியர் அவசரப்படுத்தினாலும். அவரிடம் நோட்டைக் காட்டுங்கள். நல்லவர் என்றால் புரிந்துகொள்வார்.

12. குறைந்த எண் நல்ல எண் என்று நினைத்துவிடாதீர்கள். காம்ப் ஜீனில் பிழை உள்ள சூடோஅகான்ட்ரோப்ளேசியா என்ற வளர்ச்சிக் குறைபாட்டில் புரதம் செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரத்தத்தில் அளவு குறைவாக இருக்கும், ஆனால் அந்தக் குழந்தையின் மூட்டு படும் பாடு சொல்லி முடியாது. 1995ல்தான் அதன் காரணம் இந்த ஜீன் என்று தெரிந்தது.

கிட் பெட்டியின் மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சிட்டிருக்கும். இரத்தம் கொடுத்த பாட்டி ஒருவர் அடுத்த வாரம் வந்து, "என் முட்டி ரிசல்ட்டு என்ன கண்ணு ஆச்சு?" என்று கேட்பார். கட்டாயம் கேட்பார். எண்ணைச் சொல்லி அவரைப் பயமுறுத்தவும் வேண்டாம், தைரியம் சொல்லவும் வேண்டாம். "பாட்டி, இது உங்களை மாதிரி நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். உங்கள் முட்டிக்கு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்வார்" என்று சொல்லி, அவரை டாக்டர் அறை வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வாருங்கள். இரண்டாவது சாம்பிளுக்கு வந்திருந்தால் முதலில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்று கேளுங்கள். அரை மணி ஆகட்டும். ஊசி எடுத்த பின் பஞ்சை அவர் விரலால் அழுத்திப் பிடித்திருக்கும்போது, ட்யூபின் மேல் மணியை எழுதிவிடுங்கள்.