ஹீட்டாகி நின்ற மாருதி 800: சிக்கனமாக இன்ஜின் வேலை, முழுமையான வழிகாட்டி

மாருதி 800-ன் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கான சாமான்களைச் சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கலாம். முதன்முறை இன்ஜின் பிரிப்பவருக்கு இதைவிட ஏற்ற வண்டி இல்லை. தண்ணீர் வற்றி, ஹீட்டாகி நின்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

பிரிக்கும் முன்

முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிறகு ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றி, கம்ப்ரஷன் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் மட்டும் குறைந்தால், பெரும்பாலும் இடையில் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். ஹெட் வேலையோடு முடியுமா, முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டுமா என்பது இங்கேயே ஓரளவு தெரிந்துவிடும்.

பிரித்தல்

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பேரிங் கேப்புகள் ஒன்றுக்கொன்று மாறக் கூடாது. எண்ணும் திசையும் குறித்து வையுங்கள்.

அளந்த பிறகே கடைக்கு

காசு மிச்சமாவதும் வீணாவதும் இந்தக் கட்டத்தில்தான். பலர் பிரித்த அன்றே பிஸ்டன் செட் வாங்கிவிடுகிறார்கள். வேண்டாம். பிளாக், ஹெட், கிராங்க் மூன்றையும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அளக்கச் சொல்லுங்கள். இந்த இன்ஜினின் அசல் போர் 68.5 மி.மீ. தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் ஹோனிங்கும் புது ரிங்கும் போதும். வரம்பைத் தாண்டியிருந்தாலோ, கோடு ஆழமாக விழுந்திருந்தாலோதான் போரிங். அப்போது 0.25 மி.மீ. ஓவர்சைஸா, 0.50-ஆ என்று பட்டறைக்காரர் சொல்வார். அந்த அளவு பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்து, அதற்கேற்பப் போர் போடச் சொல்லுங்கள். கிராங்கும் அப்படியே: கிரைண்டிங் எத்தனை என்று தெரியாமல் பேரிங் வாங்கவே கூடாது. ஹீட்டான ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்த பிறகே ஃபேசிங்குக்குக் கொடுங்கள்.

சிக்கனம் எங்கே?

கழுவுதல், கரி சுரண்டுதல், வால்வு லேப்பிங் ஆகியவற்றை நீங்களே செய்யலாம். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் போன்றவற்றைப் புதுப்பேட்டையில் பழசாக வாங்கலாம். கேஸ்கட், பேரிங், ஆயில் சீல், டைமிங் பெல்ட் நான்கும் புதிதாக, தரமானதாகவே இருக்கட்டும். முழு பழைய இன்ஜினை மாற்ற நினைத்தால் கவனம்: ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பரை மாற்றியாக வேண்டும்.

பூட்டுதல்

ஒவ்வொரு ரிங்கையும் போருக்குள் வைத்து, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் வாடகைக்காவது எடுங்கள். ஹெட் போல்ட்டை இப்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, படிப்படியாக முறுக்க வேண்டும். வண்டியை ஹீட்டாக்கியது எது என்பதையும் சரிசெய்யாமல் மூடாதீர்கள். அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், ஓடாத ஃபேன், ஒழுகும் வாட்டர் பம்ப்: இவற்றில் ஒன்று மீந்தாலும் புது கேஸ்கட் அதே வழியில் போகும்.

முதல் ஸ்டார்ட்

பிளக் மாட்டாமல், ஆயில் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்து, ஃபேன் ஓடத் தொடங்கும்வரை பக்கத்திலேயே நின்று ஒழுக்கு பாருங்கள். முதல் 500 கி.மீ. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அதன்பின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.