மல்லிகைக்குக் கார்த்திகைக் கவாத்து

கார்த்திகை பிறந்தால், குண்டுமல்லி வைத்திருக்கிற நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "செடியில இன்னும் நாலு பூ வருது, விலையும் ஏறுது. இப்பப் போய் வெட்டணுமா சார்?" வெட்டத்தான் வேண்டும். பனிக்காலத்தில் கிலோ விலையைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் விலையை மட்டும் பார்க்காதீர்கள்; எடையோடு பெருக்கிப் பாருங்கள். அந்தக் கைப்பிடிப் பூவுக்காகக் கவாத்தைத் தள்ளிப்போட்டால், மார்ச் முதல் ஜூன் வரை வரவேண்டிய பெரிய பூப்பு பிந்தும், குறையும்.

காரணம் எளிது. மல்லியில் மொட்டு பழைய குச்சியில் வராது, புதுத் தளிர் நுனியில்தான் வரும். வெட்டாத செடி உள்ளே குச்சி அடைந்து, வெயிலும் காற்றும் புகாமல் பூச்சிக்கு வீடாகிவிடும்.

வெட்டும் முறை

நவம்பர் கடைசி வாரம் சரியான நேரம். அடைமழை நாளில் வேண்டாம். மழை விட்டு, மண்ணில் ஈரம் இருக்கும்போது செய்யுங்கள். மண் காய்ந்திருந்தால் முதலில் ஒரு தண்ணி விடுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி, அதாவது சுமார் 45 முதல் 50 செ.மீ. விட்டு மேலே உள்ளதை வெட்டலாம். காய்ந்தது, நோய் பட்டது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். கத்தரி கூராக இருக்கட்டும். குச்சி நார் நாராகக் கிழியக்கூடாது.

ஊட்டம்

கவாத்து முடிந்ததும் தூரைச் சுற்றிக் கொத்தி, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் வையுங்கள். கூடவே ரெண்டு கை வேப்பம்புண்ணாக்கு. அதன்மேல் காய்ந்த இலை தழையால் மூடாக்கு. தளிர் வந்தபின் 15 நாளுக்கு ஒருமுறை 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா. தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி இலை மஞ்சளாகும். அதற்கு உரம் வைத்துப் பயனில்லை, வடிகால்தான் மருந்து.

பூச்சி

மொட்டில் ஓட்டையும் நூலாம்படையும் தெரிந்தால் மொட்டுப்புழு. மொட்டு வீங்கி ஊதா நிறமானால் மொட்டு ஈ. இந்த ஈயின் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். அதனால்தான் தூரைக் கொத்துவதும் வேப்பம்புண்ணாக்கும் முக்கியம். கெட்ட மொட்டுகளைப் பறித்துத் தோட்டத்துக்கு வெளியே அழியுங்கள். தாக்குதல் தெரிந்ததும் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம்: அரை கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டர் ஆக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, மாலையில். கோடையில் இலையடியில் செம்பேன் வந்தால், முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

"ரசாயனம் அடிச்சா ஒரே நாள்ல போயிடுமே" என்பார்கள். நெல்லில் மருந்தடித்தால் அறுவடைக்குப் பல நாள் இடைவெளி விடலாம். மல்லியில் அந்த இடைவெளிக்கு இடமே இல்லை, தினமும் பறிப்பு. சாயங்காலம் அடித்ததை, விடியக்காலையில் இலையோடு உரசி, வெறும் விரலால் தொடுவது பூப்பறிக்க வரும் அக்காமார்கள். அப்புறம் அது பூக்கட்டுகிறவர் கைக்கும், நம்ம வீட்டுப் பிள்ளைகள் தலைக்கும் போகிறது. இந்தக் கணக்கு எந்த மண்டிச் சீட்டிலும் வராது.

கத்தரியை இந்த வாரமே சாணை பிடித்து வையுங்கள். தொழுவுரம் மக்கியிருக்கிறதா என்று குழியைக் கிளறிப் பாருங்கள். வெட்டிய மல்லித்தோட்டம் பார்க்க மொட்டையாகத்தான் இருக்கும்; பயப்பட வேண்டாம், மாசியில் தளிர் நுனியைப் பாருங்கள்.