எண்ணெய் உடம்புக்கு, மூக்குக்கு வேண்டாம்



பிள்ளை பிறந்த வீட்டில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்துக்குத் தனி மரியாதை உண்டு. "எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டினாத்தான் புள்ள நல்லாத் தூங்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பச்சைக் குழந்தையின் தோல் மிக மெல்லியது. அதிலுள்ள ஈரம் சீக்கிரம் வற்றிவிடும். எண்ணெய் மேலே ஒரு மெல்லிய போர்வைபோலப் படிந்து ஈரத்தைக் காக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். சில கிருமிகள் வளரவொட்டாமல் தடுக்கும் குணம் அதற்கு உண்டு. எண்ணெய் எலும்புக்குள் இறங்கிக் கெட்டிப்படுத்தும் என்பது மட்டும் சரியல்ல.

தோலுக்குக் கொழுப்புப் பூசுவது நம்மிடம் மட்டுமுள்ள வழக்கமும் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, புர்கினா பாசோ போன்ற நாடுகளில் ஷியா என்ற மரத்தின் கொட்டையைப் பெண்கள் வறுத்து, அரைத்து, கடைந்து வெண்ணெய் எடுக்கிறார்கள். அதைக் குழந்தைகளுக்கும் தங்கள் தோலுக்கும் தலைமுடிக்கும் பூசுகிறார்கள். அந்த மரம் நம் ஊர் இலுப்பை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இப்போது நம் கடைகளிலும் ஷியா வெண்ணெய் சேர்த்த கிரீம்கள் விற்கிறார்கள். அது இல்லையே என்று ஏங்க வேண்டாம். உங்கள் வீட்டுச் சுத்தமான தேங்காய் எண்ணெயே போதும்.

எப்படித் தேய்ப்பது? குழந்தை பிறந்து 24 மணி நேரமாவது ஆன பிறகே முதல் குளியல். பிறக்கும்போது உடம்பில் மாவு போல ஒட்டியிருக்கும் வெள்ளைப் படிவத்தைச் சுரண்டி எடுக்காதீர்கள். அது தோலுக்குக் காவல். எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துச் சூடாக்கி, பிறகு குழந்தையைத் தொடுங்கள். லேசாகத் தடவினால் போதும். மூக்கை நீவி எடுப்பாக்குகிறேன், தலையை உருட்டுகிறேன் என்று அழுத்த வேண்டாம். தோல் வறண்டிருந்தால், குளித்த ஈரம் ஒற்றியவுடன் மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசலாம். கோடையில் அதிகம் பூசினால் வேர்க்குரு வரும். எடை 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தை என்றால் குளிப்பாட்டவும் எண்ணெய் தேய்க்கவும் அவசரப்படாமல் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இனித்தான் முக்கியமான விஷயம். குளிப்பாட்டி முடித்ததும் மூக்கில் இரண்டு சொட்டு, காதில் இரண்டு சொட்டு எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. "சளி இளகி வந்துடும், எங்க காலத்துல எல்லாருக்கும் விட்டோம்" என்பார்கள். பாட்டியைக் குறை சொல்வதற்காக இந்தப் பிரசுரத்தை எழுதவில்லை. அவர் பிள்ளையின் நன்மைக்காகத்தான் செய்கிறார். ஆனால் மூக்கில் விட்ட எண்ணெய் எங்கே போகிறது என்று பாருங்கள். தண்ணீர் புரையேறினால் குழந்தை உடனே இருமித் தள்ளிவிடும். எண்ணெய் வழவழப்பானது; இருமலைக் கிளப்பாமல் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே அது கரையாமல் தங்கிப் புண்ணாக்குகிறது. எண்ணெயால் வரும் நிமோனியா இதுதான். கிருமியால் வருவதல்ல என்பதால், கிருமிக்குக் கொடுக்கும் மருந்துக்கு இது எளிதில் கட்டுப்படாது. தினமும் எண்ணெய் விட்டால் தினமும் கொஞ்சம் சேரும். "இந்தப் புள்ளைக்குச் சளியே விடலியே" என்று மேலும் இரண்டு சொட்டு விடுவார்கள்!

தொண்டைக்குள் விரல் விட்டுக் கோழை எடுப்பதும், மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் கூடாது. காதிலும், காயாத தொப்புள் கொடியிலும் எண்ணெய் வேண்டாம். தொப்புள் காய்ந்து தானாக விழும். உச்சிக்குழி சாதாரணமாக ஒன்றரை வயதுவாக்கில் தானே மூடிக்கொள்ளும். அங்கே எண்ணெய் வைப்பதால் அது சீக்கிரம் மூடாது.

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நன்றாகக் குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மூக்கில் எண்ணெய் விட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைத்தால் நோயைக் கண்டுபிடிப்பது தாமதமாகும்.

தாயின் தலைமுடிக்கு வருவோம். பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறதே என்று பல பெண்கள் கவலைப்படுகிறார்கள். கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடி இப்போது சேர்ந்து உதிர்கிறது. பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் பழையபடி ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, முடியிலுள்ள புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு காட்டியது. ஆகவே தலைக்குக் குளிக்கும் முன் எண்ணெய் வைப்பது நல்லது. முடி சிக்காது, எளிதில் உடையாது. புது முடியை அது முளைக்க வைக்காது. முடி வளர்வது உடம்பிலுள்ள இரத்தத்தால்.

சோகை இருந்தால் என்ன விலை எண்ணெய் வைத்தாலும் முடி தேறாது. அதனால் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாட்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையால்தான். டீ, காபியோடு மட்டும் அதை விழுங்க வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் சத்து நன்றாகப் பிடிக்கும்.